செலண்டார் பத்து கதவு

வீட்டு விலை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஊரில் உள்ள எல்லா வீட்டு விலையும் அத்துப்படி, குடியிருப்பது மட்டும் வாடகை அறையில். உங்களில் யாராவது விலைப் பட்டியலை நம்பி வீடு தேடி அலைந்திருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே நோயாளிகள்தான். என்ன, உங்களுக்கு அந்த நோயைக் கொடுத்தவன் நான்.

மலாயாவில் நாங்கள் காட்டுக்காரர்கள் என்று சொன்ன கம்யூனிஸ்ட்டுகள் துப்பாக்கி தூக்கியிருந்த அவசரகால வருடங்களில், மலாக்கா டவுனில் நிலம், வீடு விற்றுக் கொடுக்கும் ஓர் ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. மூன்று மாதத்துக்கு ஒரு தாள் தயாரிக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை வீடு விற்றது, சராசரி விலை என்ன, போன தடவையைவிட ஏற்றமா இறக்கமா, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒன்று எங்கள் சீன முதலாளிக்கு. நம் ஆட்களுக்காகத் தமிழில் ஒன்றை நானே எழுதி வாசல் சுவரில் ஒட்டுவேன். யாரும் கேட்காத இந்தத் தர்ம காரியம்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

சராசரி வீடு

செலண்டார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் லாரி ஓட்டிய முனியாண்டி ஒருநாள் மனைவி பாக்கியத்தோடு வந்தார். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்களாம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தைத் தீபாவளிக்குள் காலி பண்ண வேண்டும். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பாக்கியமும் மூன்று பெண்பிள்ளைகளும் ஜாசினில் தம்பி வீட்டுக்கு, இவர் லாரிக் கொட்டகைக்கு. குடும்பம் இரண்டாகிவிடும். செலண்டார் டவுனில், காட்டுக்காரர்களைத் தடுக்க அரசாங்கம் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு உள்ளே, ஒரு பலகை வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். சொன்ன விலை நியாயமா என்று கேட்க வந்திருந்தார்கள்.

நான் சுவரைக் காட்டி, "செலண்டார் சராசரி வீடு இந்த விலைங்க" என்றேன். முனியாண்டி முகம் மலர்ந்துவிட்டது. அவர் பார்த்த வீட்டைவிட அது மலிவு. "அப்ப அதையே காட்டுங்க கிராணி, பார்த்துடுவோம்" என்று எழுந்தே விட்டார். நான் அவரை உட்கார வைத்து, விற்ற வீடுகளின் விலையையெல்லாம் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் சராசரி, அப்படி ஒரு வீடு எந்த ரோட்டிலும் இல்லை என்று விளக்கினேன். நாக்கு வறண்டுவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இல்லாத வீட்டுக்கா விலை போட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?"

போலீஸ் பக்கத்து வீடு

சிம்பாங் அம்பாட்டில் தோசைக்கடை வைத்திருந்த அஞ்சலை அக்காவுக்கு வேலிக்குள் இரண்டு வீடு பார்த்துக் கொடுத்தோம். ஒன்று போலீஸ் ஸ்டேஷனை ஒட்டி, இன்னொன்று தெருக்கோடியில். போலீஸ் பக்கத்து வீடு விலை அதிகம். பாதுகாப்பு இருந்தால் விலை ஏறும், எங்கள் கணக்கே அப்படித்தான் என்று நான் பெரிய மேதாவி மாதிரி தாளைத் தட்டிக் காட்டினேன்.

அக்கா தாளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். "காட்டுக்காரன் வந்தான்னா மொதல்ல எங்கலா சுடுவான்? போலீஸையா, என் தோசைக்கல்லையா? சுடுற இடத்துக்கு விலை கூட, சுடாத இடத்துக்குக் குறைச்சலா? நல்லாத்தான் இருக்கு உங்க படிப்பு!"

ஏற்றமும் இறக்கமும்

அடுத்த தாளில் செலண்டார் விலை தடாலென்று விழுந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முனியாண்டிக்கு ஆள் விட்டுச் சொன்னேன்: "இப்ப வாங்காதீங்க, இன்னும் இறங்கும், பொறுங்க." பாக்கியம் அக்கா வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பலகை வீட்டை இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நின்றாராம். "கிராணி படிச்சவரு, சும்மா சொல்வாரா" என்று முனியாண்டிதான் தடுத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

அதே வாரம் விலை விசாரிக்க செர்காமுக்கு பஸ்ஸில் போனேன். வழியில் சோதனை. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நம்ம ஆள், தமிழ் படிப்பார். என் சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தார். "சிம்பாங் அம்பாட் அஞ்சு, ஏற்றம். செலண்டார் பதிமூணு, இறக்கம்." அவர் முகம் மாறிவிட்டது. காட்டுக்காரர்களுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. "என்னத்த ஏத்துறீங்க? எங்க இறக்குறீங்க? பதிமூணு மூட்டையா?" என்று துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். அடடா, அந்த இறக்கம் ஒன்றுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

பஸ் போய்விட்டது. வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, விலை ஏறுவது இறங்குவது பற்றி ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினேன். கடைசியில் நம்பினார், தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் தாளைத் திருப்பித் தரும்போது ஒரு சந்தேகம் கேட்டார்: "என் மாமனாரு செலண்டார்லதான் வீடு விக்கிறாரு. மருமகன் எனக்கே ஒரு காசு குறைக்க மாட்டேங்கிறாரு, உங்க பேப்பருக்கு மட்டும் எப்படிலா குறைச்சாரு?"

பதிமூன்று வந்த கதை

அந்தக் கேள்வியோடு ஆபீசுக்குத் திரும்பியதும் முதலாளியே கூப்பிட்டார். எஸ்டேட் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். ஆங்கிலத் தாளில் செலண்டார் வரிசையில் விரலை வைத்து, விற்றது நாலு வீடுதானே, பதிமூன்று எங்கிருந்து வந்தது என்றார். விற்றதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று பலகை வீடு, அப்புறம் டவுன் ஓரத்தில் அந்தப் பழைய பத்து கதவு லயம். சொல்லும்போதே நான் செய்த தப்பு பிடிபட்டது.

எஸ்டேட்டில் பிறந்தவன் வீட்டை எண்ண மாட்டான், கதவைத்தான் எண்ணுவான். "எங்க லயம் இருபது கதவு" என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம், அதனால் ஒரு கதவு ஒரு வீடு. லயம் முழுசாக ஒரே விலைக்கு, அதுவும் ஓட்டைக் கூரையோடு அடிமாட்டு விலைக்குப் போனதை நான் பத்து வீடாக எழுதி, பத்தால் பிரித்திருந்தேன். சராசரி விழாமல் என்ன செய்யும்? லயத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு மறுபடி கூட்டினால், செலண்டார் விலை ஏறியிருந்தது, அதுவும் நன்றாகவே. முதலாளி திட்டக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லவேளை, நீ ஜன்னல் எண்ணலைலா" என்றார்.

இரண்டு கதவு

கிடைத்த பஸ்ஸில் செலண்டாருக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பலகை வீட்டில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. விற்கக் காத்திருக்காமல் வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். எஸ்டேட் லயத்து வாசலில் சாமான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த முனியாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து, "தீபாவளிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு கிராணி" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடியே வாங்கியிருக்கலாம். அவமானத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பாக்கியம் அக்காதான் சுதாரித்தார். "பத்து கதவு லயம்னு சொன்னீங்களே தம்பி, அதை வாங்கினது யாரு?" வாங்கினவர் செலண்டார் மளிகைக்கடைக்காரர். கூரையை மாற்றிக் கதவு கதவாக விற்கப் போகிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. நான் ஒரு வாரம் அவர் கடை வாசலிலேயே பழியாய்க் கிடந்தேன். அந்த லயத்தின் கோடியில் இருந்த இரண்டு கதவு, வேலிக்குள்ளே, பலகை வீட்டைவிட மலிவாக முடிந்தது. வளையலில் ஒன்று மிச்சம்கூட ஆனது. நடுச்சுவரை முனியாண்டியே இடித்தார், பிள்ளைகள் பலகை சுமந்தார்கள்.

தீபாவளியன்று போயிருந்தேன். முறுக்குத் தட்டை என் கையில் கொடுத்த பாக்கியம் அக்கா, என் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு வாசலுக்கு அழைத்துப் போய் இரண்டு கதவையும் தட்டிக் காட்டிச் சொன்னார்: "நல்லா பார்த்துக்குங்க தம்பி. கதவு ரெண்டு, வீடு ஒண்ணு. இந்தத் தடவையாவது சரியா எழுதுங்க."

அந்த மூன்று மாதத்தில் செலண்டாரில் வேறு எந்த வீடும் விற்கவில்லை, அந்த ஒரு வீட்டு விலையேதான் சராசரி என்பதால், முனியாண்டி அன்றைக்குக் காட்டச் சொன்ன சராசரி வீட்டில் கடைசியில் அவரேதான் குடியேறினார்.