மின்னுகிற காவி

துவாக்குடிப் பக்கம் இரும்பு வேலைக்கு மூன்று ஷெட்டு நான் போட்டது. முதல் ஷெட்டுக்குத் தகரம் தூக்கினதும் நான்தான், போல்ட்டு முடுக்கினதும் நான்தான். ஆறாம் வகுப்போடு படிப்பு போச்சு. ஆனால் என்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம், அம்மாவுக்குக் கடைசிவரை ஃபேன் போட்ட தனி அறை. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இதெல்லாம் நான் செய்தது என்று ஊரே சொல்லும். ஒன்றை மட்டும் யாரும் என் பேரில் சொன்னதில்லை. அதையும் செய்தவன் நான்தான்.

எனக்கு அப்போது பத்து வயசு, தங்கச்சிக்கு நாலு. அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பார். அரைப் பரீட்சை லீவில் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போவார். அங்கே பழைய பெயிண்டைச் சுரண்டுவார்கள், இரும்பைத் தேய்ப்பார்கள், மேலே சிவப்பு பிரைமர் அடிப்பார்கள். உதிர்ந்தது அத்தனையும் காற்றோடு ரோட்டுக்கு வந்துவிடும். லாரிகள் ஏறி ஏறி, ரோட்டோரம் அது மாவு மாதிரி சேர்ந்து கிடக்கும். செக்கச்செவேல் என்று இருக்கும். வெயில் பட்டால் நடுநடுவே இரும்புத்தூள் மினுக்கும்.

மார்கழி மாசம் அது. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் போட்டி. எங்கள் வீட்டுக் கோலம் சுமார்தான், காவியும் வெளுத்த காவி. எதிர்வீட்டு மாமியின் வாசலைப் பார்த்துவிட்டு அம்மா உள்ளே போய்விடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ரோட்டுத் தூசியைப் பார்த்ததும் சட்டென்று யோசனை வந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. சாப்பிட்டு முடித்த டிபன் கேரியரின் கீழடுக்கில் வழித்து நிரப்பினேன். வீட்டுக்கு வந்து பழைய புடவைத் துணியில் சலித்தேன்.

மறுநாள் காலையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது.

“ஏண்டாப்பா, இந்தக் காவி எந்தக் கடையில கிடைச்சுது? ஜரிகை போட்டாப்ல மின்னறதே!” என்றாள் மாமி.

“அதெல்லாம் சொல்ல முடியாது மாமி.”

“திமிரைப் பாரு இதுக்கு!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் காவியைத் தண்ணீரில் கரைத்து இழுப்பார்கள். கரைத்தால் மினுமினுப்பு போய்விடும் என்று நாங்கள் பொடியாகவே வைத்தோம். கோலம் அம்மா போடுவாள், ஓரத்துக்குக் காவி வைக்கிறது தங்கச்சி. சின்ன விரலில் பொடி நிற்கவில்லை.

“விரலை நாக்குல தொட்டுக்கிட்டு அப்புறம் பொடியில வை. ஒட்டும் பாரு” என்றேன்.

ஒட்டியது. நாக்கு, பொடி, தரை. மறுபடி நாக்கு.

“அண்ணே, தித்திக்குது.”

“உனக்கு எதுதாண்டி தித்திக்காது!”

லீவு முடிந்த பிறகும் அப்பாவை நச்சரித்துக் கொண்டுவரச் சொன்னேன். அம்மா அந்தக் கேரியரைக் கழுவி மறுநாள் அதிலேயே தயிர்சாதம் போட்டு அனுப்புவாள். இப்படி மூன்று மார்கழி. மாமி எவ்வளவு கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் தப்பித்தது என் திமிரால்தான்.

தங்கச்சி தப்பிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். ஓமத்தண்ணீர் கொடுத்தோம், மந்திரித்தோம். ஸ்கூலில் போட்டால் இருபதுக்கு மேல் எண்ண வரவில்லை. “மக்கு” என்று அவள் தலையில் நான் குட்டாத நாள் கிடையாது. அத்தைதான் காரணம் கண்டுபிடித்தாள்: “மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு காய் நறுக்கினா. வேற எப்படிப் பிறக்கும்?” நறுக்கினது உண்மை என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள். சாகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

போன பங்குனியில் ஒரு காலேஜ் பெண் என் ஷெட்டு வாசலில் பிரஷ்ஷால் தூசியைக் கூட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தது. விரட்டப் போனேன்.

“கோவிச்சுக்காதீங்க தாத்தா. இதுல ஈயம், குரோமியம் எல்லாம் கலந்திருக்கும். டெஸ்ட் பண்ணணும். சின்னப் பசங்க வாயில பட்டா மூளைக்குப் போயிடும்.”

“அந்தக் காலத்துச் சிவப்பு பிரைமர்லயுமா?”

“அதுலதான் ஈயம் ரொம்ப அதிகம் தாத்தா.”

“என்ன செலவானாலும் சரி, போனதைத் திருப்ப முடியுமா?”

அது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே வைத்தது. இல்லை என்று தலையாட்டியது. எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, இதனால்தான் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. நல்ல மனசு.

தங்கச்சிக்கு அறுபது ஆகப்போகிறது. என்னோடுதான் இருக்கிறாள். இந்த மார்கழியிலும் வாசலில் புள்ளி வைத்தாள். இழையை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் கோலமாவோடு நின்றாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துவாக்குடியில் என் மூன்று ஷெட்டு வாசலிலும் இன்றைக்கும் தூசி பறக்கிறது.

பத்து வயசில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மின்னுகிறது என்பதுதான். இப்போது தெரிகிறது, கேட்க அம்மா இல்லை. அதனால் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்கிறேன். என் வீட்டைப் பற்றி, ஷெட்டுகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். கிரகணம் என்று இனி ஒருத்தரும் வாயெடுக்கக் கூடாது. எங்கம்மா நறுக்கினது வெறும் கத்திரிக்காய். கேரியரில் அள்ளிவந்தவன் நான், நாக்கில் தொடச் சொன்னவனும் நான். என் பேரைச் சொல்லுங்கள்.