கடைசி வரிசையில் ரோஸி அக்கா

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கடன் கொடுத்த பதினோரு பேரையும் எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, வட்டி அதிகமானவருக்குச் சிவப்பு, குறைந்தவருக்கு மஞ்சள், வட்டியே வாங்காதவருக்குப் பச்சை என்று வண்ணம் பூசி, அந்த அழகில் நானே சொக்கிக் கிடந்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் கடன் பட்டியலின் மேல் காதல்கொள்வது நல்ல அறிகுறி இல்லை.

இந்தப் பித்து ராட்டர்டாமில்தான் பிடித்தது. வந்த புதிதில் பக்கத்து மேஜை யான் எனக்கும் சேர்த்து ஒரு காபி வாங்கிவந்தான். நாளைக்கு நாம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஊர் வழக்கப்படி மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். காபி ஆறுவதற்குள் போனில் செய்தி வந்தது: ஒரு யூரோ எழுபத்தைந்து சென்ட் அனுப்பவும். ஏதோ கோபம்போல என்று பதறி, "மன்னித்துக்கொள்" என்றேன். "எதற்கு?" என்றான் யான், நிஜமாகவே புரியாமல். யாரும் யாருக்கும் மாலைவரைகூட பாக்கி வைக்காத அந்த ஒழுங்கு என்னை மலைக்க வைத்தது. நானும் ஒழுங்கானேன். வட்டி அதிகமான கடனை முதலில் அடை, வட்டியில்லாததைக் கடைசியில் அடை என்று படித்ததை அப்படியே ஷீட்டில் செய்தேன். கடைசி வரிசையில் பச்சைப் பசேலென்று ஒரு பெயர்: ரோஸி அக்கா, ஒரு லட்சம், வட்டி பூஜ்யம்.

ரோஸி அக்கா விருத்தாசலம் செராமிக் பட்டறை ஒன்றில் மண்ணை அச்சில் அழுத்தி ஃபியூஸ் கேரியர் அடிப்பவர். மெயின் போர்டில் கம்பி சுற்றிச் செருகுவோமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நான் அங்கே கணக்கு எழுதினேன். சூளையிலிருந்து வந்ததில் வெடிப்பு விட்ட பீஸ்களை அவரவர் கணக்கில் கழிப்பது என் வேலை. அக்கா கணக்கிலும் பத்து வருடம் தாட்சண்யமில்லாமல் கழித்தேன். அந்த அக்காதான், நான் வெளிநாடு கிளம்ப ஒரு லட்சம் குறைந்தபோது, டிபன் பாக்ஸில் பணத்தை வைத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார். "எழுதிக் குடுக்கட்டுமாக்கா?" என்றேன். "நீங்க எழுதற லட்சணத்ததான் தெனம் பாக்கறனே. உள்ள வைங்க."

நான்கு வருடம் கழித்து, போன கோடையில் லீவில் போனேன். லேப்டாப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எம் பேரு ஏன் தம்பி கடேசில இருக்குது?"

"உங்க கடனுக்கு வட்டி இல்லியேக்கா. அதான். அடுத்த வருஷம் உங்க முறை."

அக்காவின் மகள் ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வட்டி இல்லன்னு யாரு மாமா சொன்னா? அம்மா செயின அடகு வெச்சுதான உங்களுக்குக் குடுத்தாங்க. மாசம் ஆயிரத்தி ஐந்நூறு கட்டிக்கிட்டு இருக்காங்க. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள செயின மீட்டாவணும்."

"ஏய், வாய மூடுடி."

என் வாய்தான் மூடவில்லை. "ஏங்க்கா கேக்கல?"

"மேல இருக்கறவங்க ஒங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்கள முடிங்க. நான் நிக்கவா போறேன்?" என்றவர், ஏதோ சமாதானம் சொல்வதுபோலச் சேர்த்தார்: "பெரிய கஷ்டமில்ல தம்பி. மாசத்துல மொத மூணு நாளு பீஸு ஒங்க வட்டிக்கு அடிப்பேன். மிச்ச நாளு எங்களுக்கு."

சுவரில் காலண்டர் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று தேதிகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். அதன் அடியில், அதே ஆணியில், பழைய வருடங்களின் காலண்டர்கள். தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எந்த மாதத்தைத் திருப்பினாலும் அந்த மூன்று வட்டங்கள். நாற்பத்தெட்டு மாதம், நூற்று நாற்பத்து நான்கு நாள். என் பூஜ்யத்துக்குள் ஒருத்தி நின்று அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோயில் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை தலை இறங்காதே, அப்படி அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவப்புக்காரருக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் அக்காவோடு அடகுக்கடைக்குப் போனேன். செயின் வந்தது. அக்கா அங்கேயே கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கழற்றி ஸ்டெல்லாவுக்கென்று பர்ஸில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் கட்டிய வட்டி எழுபத்திரண்டாயிரத்தையும் நீட்டினேன்.

"அது நான் வேல செஞ்ச நாளு. அதுக்குக் கூலி குடுக்க நீங்க யாரு, மொதலாளியா? கல்யாணத்துக்கு இருந்துட்டுப் போங்க, போதும்."

லீவு இல்லை. கல்யாணத்துக்கு இருக்க முடியவில்லை. கிளம்பும் முன் பட்டறைப் பக்கம் போய், மூலையில் கிடந்த ஒரு ஃபியூஸ் கேரியரை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது ராட்டர்டாமில் என் மேஜைமேல் இருக்கிறது. இந்த வீட்டில் ஃபியூஸுக்குப் பதில் தானாக விழும் ஸ்விட்சுகள்தான். அதைச் செருக ஓர் இடமில்லை. யான் வந்தபோது உப்பு ஜாடியா என்று கேட்டான். ஷீட்டில் பத்துப் பேர் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். கடைசி வரிசைக்கு மட்டும் என்ன வண்ணம் பூசுவதென்று தெரியாமல் வெள்ளையாக விட்டிருக்கிறேன். அங்கே தீர்ந்துவிட்டது, இங்கே தீரவில்லை.

போன வாரம் அந்தப் பீங்கானைப் படமெடுத்து, "உங்க ஞாபகமா தினமும் பாக்கறேன்க்கா" என்று அனுப்பினேன். அக்காவின் குரல் பதிவு உடனே வந்தது.

"அதப் போயி ஏன் தம்பி தூக்கிட்டுப் போனீங்க? ஓரத்துல வெடிப்பு விட்டிருக்குது பாருங்க. நீங்க இருந்திருந்தா கணக்குல கழிச்சிருப்பீங்க."