மாரியம்மன் கழுத்தில் தாத்தாவின் பதக்கம்

கூடலூரில் இருக்கும் அப்பாவுக்கு ரொம்ப நாளாக ஒரே ஆசை. தாத்தாவின் பதக்கம் வீட்டுக்கு வர வேண்டும். உலகப் போரில், பர்மாவில், குண்டடிபட்டுக் கிடந்த இரண்டு பேரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தூக்கி வந்தவர் தாத்தா. உயிரோடு திரும்பியதும், வேண்டிக்கொண்டபடி, வீரப் பதக்கத்தை இலங்கையில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்கே போட்டுவிட்டார். பிறகு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. பதக்கம் அங்கேயே இருந்துவிட்டது. இந்தப் பங்குனியில் பத்து நாள் விடுமுறை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

கொழும்பு கோட்டையில் காலை 5.55க்கு ரயில். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், நான் மூன்றாம் வகுப்பில் முண்டியடித்து ஏறினேன். ஹட்டன் தாண்டியதும் தேயிலை மலைகளைப் பார்க்கக் கதவோரம் போனவள்தான், பைக்கு யார் காவல் என்ற நினைப்பே இல்லை! தலவாக்கலையில் இறங்கும்போது நண்பகல். தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஆட்டோவுக்கு இலங்கைப் பணத்தில் 2,500 ரூபாய்.

தருவார்களோ மாட்டார்களோ என்று வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பூசாரியோ தாத்தாவின் பேரைக் கேட்டதுமே அம்மன் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றித் தட்டில் வைத்து நீட்டினார்.

"எடுத்துக்கங்க தாயி. ஒங்க தாத்தா சொத்து, வேணாம்னு சொல்ல நாங்க யாரு?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. விளிம்பில் தாத்தா பெயர்! முன்பக்கத்தில் இங்கிலாந்து ராஜாவின் முகத்தில் மூக்கே இல்லை, அவ்வளவு தேய்மானம்.

"வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்க எல்லாம் இதக் கையில புடிச்சிக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க" என்றார் பூசாரி. "சண்டையிலேர்ந்தே திரும்பி வந்தவரு பதக்கமாச்சே."

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். செல்வி. மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மறுநாள் குவைத்துக்குப் புறப்படுகிறாள், வீட்டு வேலைக்கு, இரண்டு வருட ஒப்பந்தம். பதக்கத்தை வாங்கி, கண்ணை மூடி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். திருப்பித் தந்ததும் நான் பையைத் திறந்ததைப் பார்த்துத்தான் விஷயம் அவளுக்குப் புரிந்தது.

"கொண்டு போறீங்களாக்கா?" என்றாள். "நான் வந்ததுக்கப்பறம் கொண்டு போங்களேன்."

பதக்கத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"ரெண்டு வருசத்துல வர்றேங்க" என்றேன் பூசாரியிடம்.

"அதுக்குள்ள இன்னும் நாலு பேரு கெளம்பிருவாங்க தாயி" என்றார் பூசாரி. அது எனக்கும் தெரிந்தே இருந்தது. செல்வியின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது, குடையும் ஸ்வெட்டரும் கட்டாயம். ஆட்டோ வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கோயிலுக்குள் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றேன். அப்பா என் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு கேட்டார்.

"அந்தப் புள்ள நல்லபடியா போய்ச் சேந்துருச்சா? ஒரு போன் போட்டுக் கேளு."