கல்லாற்றுக்கு ஒரு பாக்கெட் கணினி

கல்லாற்றில் குளிப்பவர்கள் பயப்பட வேண்டியது எதிரே ஓடும் தண்ணீரைப் பார்த்து அல்ல. மேலே, கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்யும் மழைக்குத்தான் பயப்பட வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் வந்துவிடும். அதை முன்கூட்டியே காட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்த அன்று, சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்குப் பயம்தான் வந்தது.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினியர். ஏற்பாடு இதுதான்: ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு பாலத்துக்கு அடியில் சென்சார் இருக்கும். அது தனக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, குளிக்கும் இடத்தில் இருக்கும் பெட்டிக்கு ரேடியோவில் அனுப்பும். தூரம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே காவல் நிற்பவர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியோடு இணைத்து நீர்மட்டம் பார்க்க ஒரு கருவி வேண்டும்.

1. மேஜைமேல் இரண்டு

கடைசியில் இரண்டு கருவிகள் மிஞ்சின. ஒன்று பளபளப்பானது. விற்பவர்களே ஆப் போட்டுத் தருவார்கள். மற்றது உள்ளங்கை அகலம், சுண்டைக்காய் அளவு பட்டன்களோடு கீபோர்டு, ஓடுவது லினக்ஸ். அதற்கு நான்தான் ப்ரோக்ராம் எழுத வேண்டும்.

எங்கள் மேனேஜர் மணி சார் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துக்காரர். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது என்ன, பழைய கால்குலேட்டராட்டம் இருக்கு? அது எவ்வளவு நன்னா இருக்கு பாரு. காவல் நிக்கறவாளுக்கு அதுதான் ஈஸி, கேட்டோ.”

“சார், அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. இது ஓப்பன் சோர்ஸ். எல்லாத்தையும் திறந்து பாக்கலாம், வேணும்னா மாத்தலாம்.”

“நீ மாத்தறதுல தப்பு வந்துடுத்துன்னா?”

அவர் கேட்டது நியாயம்தான். அந்த வாரம் ஆபீசில் வாளித் தண்ணீரை வைத்து டெஸ்ட் செய்தபோது, தண்ணீர் ஊற்ற ஊற்ற என் ப்ரோக்ராம் மட்டம் இறங்குவதாகக் காட்டியது. ஒரு மைனஸ் குறி இடம் மாறியிருந்தது. திருத்திவிட்டேன். ஆனாலும் சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்த மைனஸ் குறிதான் கண்முன் நின்றது. வாளியில் தெரிந்த தப்பு ஆற்றில் தெரிந்திருந்தால்?

“ரெண்டையும் கல்லாத்துக்கே கொண்டு போ,” என்றார் மணி சார். “அங்க பாத்துட்டுச் சொல்லு.”

2. வெயிலில் ஏறிய தண்ணீர்

விடுமுறை நாள். ஆற்றில் நல்ல கூட்டம். காவலுக்கு நின்ற ஷைலஜா பக்கத்து ஊரான வித்துராக்காரி. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவள். கழுத்தில் விசில் தொங்கியது.

முதலில் பளபளப்பானதை இணைத்தேன். லாகின் கேட்டது. அந்தப் பள்ளத்தில் டவர் கிடைக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லாமலும் ஓடும் என்று விற்றவர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துவிட்டு, கேபிளைப் பிடுங்கி மற்றதில் செருகினேன்.

நீர்மட்டம் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. மறுபடி ஏறியது.

நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் கூழாங்கல் தெரியும் தெளிவோடு ஓடிக்கொண்டிருந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தேன்.

“என்ன சேச்சி, முகம் வெளுத்து வல்லாதெ ஆயிப்போச்சே?” என்றாள் ஷைலஜா.

“மேல தண்ணி ஏறுதுன்னு காட்டுது.”

“ஒரு துண்டு மேகம்கூட இல்லியே! போன மாசம் இதுபோல ஊதி, ஒண்ணும் வரல்லே. எல்லாரும் எங்கிட்ட வழக்குக்கு வந்தாங்க. சேச்சிக்கு உறப்பா தெரியுமா?”

நிச்சயமாகத் தெரியவில்லை. மறுபடி மைனஸ் குறியாக இருந்தால்? ப்ரோக்ராமைத் திறந்தேன். அந்தச் சின்ன பட்டன்களில் விரல் இரண்டு முறை வழுக்கியது. கணக்குப் போடும் வரிக்குப் போய்ப் படித்தேன். குறி சரியாக இருந்தது. பிறகு சென்சாரிலிருந்து நேராக வரும் தூரத்தைப் பார்த்தேன். கிளையோ குப்பையோ குறுக்கே வந்திருந்தால் எண் ஒரே குதியாகக் குதித்திருக்கும். இது குதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் குறைந்துகொண்டே வந்தது.

“ஊது,” என்றேன்.

ஷைலஜா ஊதினாள். சிலர் கரையேறினார்கள். பலர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஆற்றின் நடுப்பாறையில், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக்கடையில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் என்று பிறகு தெரிந்தது.

“மழையுமில்ல, ஒண்ணுமில்ல. இப்பந்தானே எறங்குனோம். எதுக்கு வெரட்டுதிய?” என்று கத்தினார்.

செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். “அண்ணே, மேல வெள்ளம் ஏறுது. பிள்ளையத் தூக்கிட்டு வந்துருங்க. ஒண்ணும் வரலேன்னா கரையில நின்னு என்னை ஏசுங்க, கேட்டுக்கிடுதேன்.”

என் முகத்தைப் பார்த்துத்தான் வந்தார் போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

எல்லாரும் கரையில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. ஈரத் துணியோடு குழந்தைகள் அழுதன. யாரோ, “பிராந்து பிடிச்ச பெண்ணு,” என்று என்னைப் பைத்தியம் ஆக்கினார்கள். நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்தேன். வெள்ளம் வந்தால் தேவலை என்று ஒரு நொடி மனம் நினைத்தது. அப்படி நினைத்ததற்காகவும் பயந்தேன்.

முதலில் சருகுகள் வந்தன. பிறகு தண்ணீர் தேநீர் நிறமானது. மண்வாடை அடித்தது. சத்தம் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. லாரி வருகிறது என்றுதான் நினைத்தேன். வளைவைத் தாண்டியதும் வேரோடு ஒரு மரம் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப்பாறை மறைந்துபோனது.

அந்த நாகர்கோவில்காரர் மகளை இறுக்கிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

3. ஷைலஜாவின் கேள்வி

மணி சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பளபளப்பானதை ஓரமாகத் தள்ளி வைத்தார். “சின்னதையே வாங்கிடலாம்,” என்றார். ஆனால் ஷைலஜா அன்று கிளம்பும்போது கேட்டது என்னை விடவில்லை.

“சேச்சி இல்லாத்த நேரத்துல இப்படி வந்தா நான் என்ன செய்யும்? அந்த ப்ரோக்ராம் எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாதே.”

நான் பார்த்ததை அவளும் பார்க்க வேண்டும். ப்ரோக்ராம் நம் கையில் இருந்ததால் அதைச் செய்ய முடிந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே சென்சார் சொல்லும் தூரத்தையும், கடைசியாக வந்த சில அளவுகளையும் பெரிய எண்களாக, மலையாளத்தில் பெயர் போட்டு வரவைத்தேன். எண் குதித்தால் என்ன அர்த்தம், நிதானமாகக் குறைந்தால் என்ன அர்த்தம் என்று அவளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் போன் வந்தது. ஷைலஜாதான் பேசினாள்.

“சேச்சி, இன்னிக்கு எல்லாரையும் கரைக்குக் கேற்றிவிட்டேன். பின்னே வெள்ளம் வரல்லே. கொஞ்சம் ஏறி நின்னுபோச்சு. ஆளுங்க சீத்த விளிச்சு ஏசுறாங்க. எனக்குத் தெத்திப்போச்சா?”

“தூரம் எப்படிக் குறைஞ்சுது?”

“கொறச்சு கொறச்சா. விடாம.”

“அப்போ தப்பே இல்ல ஷைலஜா. நானா இருந்தாலும் ஊதியிருப்பேன்.”

கருவி தேர்ந்தெடுக்கப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடையில் எது அழகாக ஓடுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பயம் வரும் நேரத்தில் எதைத் திறந்து உள்ளே பார்க்க முடியும் என்று பாருங்கள். அதைக் கையில் வைத்திருப்பவருக்கும் உள்ளே தெரிய வேண்டும். பயம் அதனால் போய்விடாது. எனக்கு இன்றும் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டே சரியாக முடிவெடுக்கலாம்.