புரட்டாசி இருபத்தெட்டு

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. ஒரு நாளும் மறந்ததில்லை. அவசரப்பட்டு இரண்டு தாளாகக் கிழித்ததும் இல்லை. அதனால் அந்த நாள் புரட்டாசி இருபத்தெட்டு, புதன்கிழமை என்று இப்போதும் தயங்காமல் எழுத முடிகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா கடலோரப் பழவேற்காட்டுக்காரி. நகரியில் நைனாவுக்கு வாக்கப்பட்டு வந்தபின் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஏரி மீன்தான். சேறு நாறுகிறது என்று ஒதுக்கிவிடுவாள். அன்று அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்க்க பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வயிற்றில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வழியில், கடலைக் கண்டே இராத ஒரு கிராமத்தில், சுவரெல்லாம் நீல அலை வரைந்த கடல்மீன் ஓட்டல் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா, "ஒரு வாட்டி துன்னுட்டுப் போலாமா?" என்றாள். புரட்டாசியில் முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடாத நைனா, மறுபேச்சில்லாமல் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

தமிழ்க் குடும்பங்கள் கவுச்சி தொடாத மாதம். ஓட்டலில் இரண்டு லாரி டிரைவர்களைத் தவிர யாரும் இல்லை. பரிமாறுகிறவர், "வஞ்சரம் உந்தி, சந்துவா உந்தி" என்று இருக்கிற மீன்களைத் தெலுங்கில் ஒப்பித்தார்.

"சந்துவான்னா எங்க ஊரு வௌவாலு மீனு. நீங்களும் துன்னு பாருங்க, அப்பறம் ஏரி மீனைத் திரும்பிப் பாக்க மாட்டீங்க," என்றாள் அம்மா.

"நீ துன்னு. நான் பாத்துக்கினு இருக்கேன்," என்றார் நைனா.

மிளகாய் விழுது பூசிப் பொரித்த முழு மீன் வந்தது. அம்மா ஒரு துண்டைப் பிட்டு, முள்ளை எடுத்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் நான் கணக்கைச் சொன்னேன்.

"அம்மா, பொரட்டாசி முடிய இன்னும் மூணு நாள் இருக்குது. பெருமாள் கோச்சிக்கினா உனக்கு எப்டி சரியாவும்?"

"ஏய், கம்னு இரு," என்றார் நைனா. அவர் என்னை அதட்டுவது அபூர்வம்.

அம்மா கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். துண்டைத் திரும்ப மீன்மேலேயே வைத்து, பிட்டது தெரியாதபடி ஒட்டினாள். "கரெக்ட்டுதான். மூணு நாள்தானே, வந்து துன்றேன்," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டாள்.

நைனா கைகழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. அவர் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

புரட்டாசியின் கடைசித் தாளைத் திருப்பதியில் சித்தி வீட்டுக் காலண்டரில் கிழித்தேன். அதற்கு முந்தின நாளே அம்மா போய்விட்டிருந்தாள்.

விரதம் காத்தும் பெருமாள் ஏன் கைவிட்டார் என்று வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். மீன் தின்றதால்தான் அம்மா செத்துப்போனாள் என்று நான் ஆயுசுக்கும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அவள் அந்தத் துண்டைத் திரும்ப வைத்தாள் என்பது, ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.