கொழுவி அனுப்பிய படம்

"படத்தை உள்ளுக்கை ஒட்டி விடுறதோ, கொழுவி விடுறதோ?"

கிளிநொச்சியில் நான் வேலை செய்த கொமினிக்கேசன் கடையில், வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் படம் அனுப்ப வருகிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். நான் கூச்சக்காரி. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு இன்றைக்கும் வராது. அந்தக் கேள்வியைக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிடலாம் என்பது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. முன்பள்ளி ரீச்சரின் அம்மா முதல்முறை வந்தபோதும் அப்படித்தான் கேட்டேன். அவர் பதறிப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, ஒருத்தரோடையும் கொழுவ வேண்டாம். நல்ல இடத்துச் சம்பந்தம். பணிவா எழுதி விடுங்கோ." எங்கள் பக்கத்தில் ஒன்றை மாட்டித் தொங்கவிடுவதும் கொழுவுவதுதான், சண்டை பிடிப்பதும் கொழுவுவதுதான். பின்னால் நின்ற ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கடையில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

இப்போது யாருக்கும் அந்தக் கேள்வி தேவையில்லை. கையில் இருக்கும் போனில் எடுத்து, எடுத்த கையோடு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிது. வீட்டுக்குக் கூரையே முழுதாக இல்லாதவர்கள்கூட எங்கள் கடைக்கு வந்து மின்னஞ்சலில் படம் அனுப்பினார்கள். துப்புரவாக்கிய கிணறு, முதல் போகத்து நெல்லு, பிள்ளையின் காதுகுத்து என்று எல்லாம் போகும். சாதாரண தரப் பரீட்சை வரை படித்த எனக்கு முதலாளி அண்ணன்தான் அந்த வேலையைப் பழக்கினார். உள்ளே ஒட்டினால், கடிதத்தைத் திறந்ததும் எழுத்துக்கு நடுவே படமும் தெரியும். பார்க்கிறவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கொழுவினால் அது கடிதத்தின் அடியில் ஒரு பெயராக மட்டும் நிற்கும். விரும்பியவர் அழுத்தித் திறந்து பார்க்கவேண்டும். எனக்கு இது வெறும் வேலை விபரம். இதற்குள் இவ்வளவு கதை இருக்கும் என்று ரீச்சர் வரும்வரை எனக்குத் தெரியாது.

ரீச்சர் அக்கராயனில் முன்பள்ளி நடத்தியவர். வயதில் என்னைவிட இளையவர். ஆனாலும் ஊரே ரீச்சர் என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்பார். கடைசிச் சண்டையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தார். செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடித்தான் எங்கும் போவார். சேலை உடுத்தி நடக்கும்போது புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சைக்கிளில் ஏறவும் இறங்கவும் மட்டும் பிடிக்க ஒரு மதிலோ மரமோ வேண்டும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கால் ஒரு பெருமை. புதிதாக வந்து சேருகிற பிள்ளையிடம், "எங்கட ரீச்சருக்குக் கழட்டிற கால் இருக்கு, உங்கட அம்மாவுக்கு இருக்கோ?" என்று கேட்பார்களாம். கேட்கப்பட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் அழுததாம், அம்மாவுக்கு அப்படி ஒன்று இல்லையென்று. இதை ரீச்சரே சொல்லிச் சிரிப்பார்.

சம்பந்தம் வவுனியாவில் இருந்த ஒரு மாமி மூலமாக வந்தது. மாப்பிள்ளை நோர்வேயில் இருந்தார். படம் ஒன்று அனுப்பச் சொல்லி அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கால் விசயத்தை மாமி அவர்களுக்குச் சொல்லிவிட்டாவா என்பது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கேட்டால், "சொல்லியிருப்பா" என்று அம்மா சொல்வார். அதைச் சொல்லும்போது அவருடைய கண் வேறெங்கோ இருக்கும். சங்கிலி இரவல் வாங்கிப் போட்டு, பட்டுச்சேலை உடுத்தி, நெஞ்சளவில் எடுத்த படம் ஒன்றை அம்மா கொண்டுவந்தார். ரீச்சரும் தன் பங்குக்கு ஒரு படம் வைத்திருந்தார். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியன்று தன்னோடு வேலை செய்கிற பெண் எடுத்தது. சின்னவர்களின் குட்டிக் கதிரையில் ரீச்சர் இருக்கிறார். வெயிலுக்குக் காலைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார், சப்பாத்தும் காலுறையும் போட்டபடி. ஒரு சின்னப்பெண் அதைத் தூணைப்போல் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரீச்சரின் நெற்றி முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காணவே விருப்பமில்லை. அனுப்பத்தான் வேண்டுமென்று மகள் பிடிவாதமாக நின்றபோது, என் கேள்வியின் அர்த்தத்தை அப்போதுதான் விளங்கிக்கொண்ட அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்ப அதைக் கொழுவி விடுங்கோ பிள்ளை. விருப்பமெண்டாத் திறந்து பாக்கட்டும். பாக்காட்டி எங்கட பிழை இல்லைத்தானே." ரீச்சர் என்னைப் பார்த்து, "உள்ளுக்கை ஒட்டுங்கோ அக்கா, முகத்துக்குக் கீழை" என்றார். "முகத்தைப் பாத்த கண்ணாலை அதையும் பாக்கட்டும்." இரண்டு படத்தையும் ஒட்டித்தான் அனுப்பினேன். அம்மா திரையைப் பாராமல் வெளியே போய் நின்றார்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. மாப்பிள்ளையே எழுதியிருந்தார். படத்தில் எல்லோருக்கும் நல்ல விருப்பம், சாதகமும் பொருந்தியிருக்கிறது, ஆவணியில் லீவு எடுத்து வரலாம் என்று யோசிக்கிறேன் என்றெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: இரண்டாவது படம் தெரியவில்லை, ஒரு வெறும் கட்டம்தான் வருகிறது, பரவாயில்லை, ஒன்றே போதும். அந்த நாட்களில் இது நடக்கிறதுதான். சில கணினிகள் கடிதத்துக்குள் ஒட்டிய படத்தைக் காட்டும், சில காட்டாது. ஒன்றைக் காட்டி மற்றதை விழுங்குவதும் உண்டு. ஏனென்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அம்மா அதைப் பிள்ளையாரின் செயல் என்றே எடுத்துக்கொண்டார். பிள்ளையாரே மறைத்துவிட்டதை நீ ஏன் திரும்ப எடுத்துக் காட்டவேண்டும் என்று மகளிடம் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்டார். வந்து நேரில் பழகினால் மனம் பிடித்துவிடும், பிறகு கால் ஒரு பெரிய விசயமாக இராது என்றார். தனக்குப் பிறகு மகள் தனியே கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்றார். அந்த மனுசியை யாரும் பொய்க்காரி என்று சொல்லமுடியாது. ஒரு வாசல் திறந்திருக்கும்போதே பிள்ளையை உள்ளே தள்ளிவிடப் பார்த்த தாய் அவர், அவ்வளவுதான்.

ரீச்சர் கனநேரம் அந்தக் கட்டத்தைப் பற்றிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை எழும்பச் சொல்லி என் கதிரையில் இருந்தார். எப்போதும் அவர் சொல்ல நான் தட்டுவதுதான் வழக்கம். அன்றைக்குத் தானே தட்டப்போவதாகச் சொன்னார். எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று நான் காட்ட, ஒற்றை விரலால் எழுதினார். 'தெரியாமல் போன படத்தில் நான் காலைக் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கிறேன். வலது கால், முழங்காலுக்குக் கீழே. மாமி சொன்னாவோ தெரியாது. படத்தைத் திரும்பவும் அனுப்புகிறேன்.'

நான் வழக்கம்போல ஒட்டுவதற்குக் கை வைத்தேன். அவர் தடுத்தார். "இந்தமுறை கொழுவி விடுங்கோ அக்கா. தானாத் தெரிஞ்சதா இருக்க வேண்டாம். அவர் தன்ரை கையாலை திறந்து பாக்கட்டும்."

அம்மா ஒளிப்பதற்குக் கேட்ட அதே வழியைத்தான் மகள் கேட்டார். ஆனால் இது வேறு. முதல்முறை அனுப்பியபோது, அந்தப் படம் மாப்பிள்ளையின் கண்ணில் படட்டும் என்றுதான் ரீச்சர் நினைத்தார். இப்போது அவருக்கு அது போதவில்லை. என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டே ஒருவர் திறக்கவேண்டும், அல்லது திறக்காமல் விடவேண்டும். திறக்காமல் விட்டாலும் அதுவும் ஒரு பதில்தான். இதையெல்லாம் நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அந்த நேரம் சொன்னதைச் செய்தேன்.

பிறகு பதில் இல்லை. ரீச்சர் பின்னேரங்களில் சைக்கிளில் வந்து கடை வாசல் மரத்தைப் பிடித்து நிற்பார், இறங்கமாட்டார். நான் உள்ளேயிருந்து தலையை ஆட்டுவேன். திரும்பிப் போய்விடுவார். அம்மா வருவதில்லை. வீட்டில் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதும் குறைவென்று கேள்விப்பட்டேன். கொழுவாமலே கொழுவியிருந்தார்கள்.

பதில் வந்தபோது சின்னதாக இருந்தது. நான் வாசிக்கவில்லை, பெயரைக் கண்டதும் முதலாளி அண்ணனின் போனால் தகவல் சொன்னேன். இருவரும் ஓட்டோவில் வந்தார்கள். கதிரையை ரீச்சருக்குக் கொடுத்துவிட்டு நான் விலகப் போனேன், அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவைத்தார். ஆவணியில் மாப்பிள்ளை வந்ததும், கலியாணம் நடந்ததும், ரீச்சர் இப்போது நோர்வேயின் குளிர்காலத்தில் கால் படுத்தும் பாட்டைப் போனில் எனக்குச் சொல்வதும் பிறகு நடந்தவை. அந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வாக்கும் இருக்கவில்லை. மாமி தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது, தான் இன்னும் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார். 'படத்தைத் திறந்து பலதரம் பார்த்தேன்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி.

ரீச்சர் அந்தக் கேள்வியைத் திரும்பவும் வாசித்தார். அம்மாவால் பொறுக்கமுடியவில்லை.

"என்னவாம் பிள்ளை? வேண்டாமாமோ?"

"இல்லையம்மா. கழட்டி வைச்சா நோவு குறையுமோ எண்டு கேட்டிருக்கிறார்."

அம்மா மகளின் காலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். தானும் இத்தனை நாளில் அதைக் கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"குறையுமோ?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மா.

"கொஞ்சம்" என்றார் ரீச்சர். பிறகு என்னிடம் திரும்பி, 'கொ' எங்கே இருக்கிறதென்று காட்டச் சொன்னார்.