ஏரிக்கரையில் பதினைந்து நிமிடம்

1969 ஜனவரி 22, புதன்கிழமை, காலை ஆறு ஐம்பத்தைந்து. மழை இல்லை. கொரட்டூர் ஏரியின்மேல் பனி இறங்கியிருந்ததால் எதிர்க்கரைப் பனைமரங்கள் தெரியவில்லை. வழக்கமாகப் பதினொன்றும் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது நான்கு மாதம். கரைமேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் மாமாவின் சட்டை, கால்சட்டை, அவற்றின்மேல் அவருடைய கைக்கடிகாரம். தண்ணீரில் இரண்டு தலைகள். நேரம் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று கேட்கலாம். அடுத்த நிமிடம் அந்தக் கடிகாரத்தின் முள்ளை நான்தான் திருப்பினேன். திருப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மாமா என் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா என்னை அவரிடம் விட்டுவிட்டு வடக்கே வேலைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு பாய். ஒரு மாலையில் நாங்கள் பேசும் வாக்கியங்களை எண்ணியிருக்கிறேன். அதிகபட்சம் ஒன்பது. அவற்றில் மூன்று சோறு பற்றியவை. அம்மாவைப் பற்றி ஒன்றும் இராது.

அம்பத்தூரில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் மாமா டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஏழு இருபத்தைந்துக்கு முதல் சங்கு, ஏழரைக்கு இரண்டாவது. அதன்பின் வருகிறவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி அரைநாள் சம்பளத்தைக் கழிப்பது அவர் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு ரேடியோவைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். பதினான்கு வருடத்தில் தான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘நிமிஷம் சார்’.

சிவப்பு மையில் அதிகம் இடம்பிடித்தவர் மோல்டிங் பிரிவில் இருந்த துலுக்காணம். அந்த ஒரு வருடத்தில் முப்பத்தொரு தாமதம். இன்னும் ஒன்று என்றால் வேலை போகும் என்று நவம்பர் கடைசியில் கம்பெனி எழுத்தில் கொடுத்துவிட்டது. காரணம் கேட்டால் மற்றவர்கள் காய்ச்சல், பங்சர், சாவு என்று எழுதுவார்கள். துலுக்காணம் ‘ஏரியில் மிதந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மாமா அதைக் கிண்டல் என்று நினைத்தார். உண்மையா என்று பார்க்க டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார்.

உண்மைதான். துலுக்காணம் கைகளை விரித்து, வயிறு மேலே தெரிய, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர்மேல் கிடந்தார்.

“எவ்வளவு நேரமா இப்படி?” என்று மாமா கரையிலிருந்து கேட்டார்.

துலுக்காணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “இன்னா சார், ஞாயித்துக்கெயமகூட கணக்கா? மெதக்கும்போது ஏது சார் டைமு? நீயே எறங்கிப் பாரு.”

“எனக்கு நீச்சல் தெரியும்” என்றார் மாமா, ஏதோ குற்றச்சாட்டை மறுப்பதுபோல.

“தெரிஞ்சவன் எவனாச்சும் கரைல நின்னுகினு கீறானா?”

மாமா செருப்பைக் கழற்றினார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர் இடுப்பளவில் நின்றார், கழுத்தளவில் நின்றார், பின் மல்லாந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமா தண்ணீர் குடித்துவிட்டார் என்று பயந்து எழுந்துவிட்டேன். அவர் சிரித்திருக்கிறார். அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அன்று தொடங்கி தினமும் போனோம். ஐம்பத்து மூன்று நாள். அதில் ஆறு நாள் மழை, எனவே நாற்பத்தேழு காலைகள். துணியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஏழு ஐந்துக்குக் குரல் கொடுப்பது என் வேலை. கரையிலேயே உடை மாற்றிக்கொண்டு இருவரும் ஒரே சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போவார்கள், நான் வீட்டுக்கு நடப்பேன். இரவில் விளக்கு எரியாவிட்டால் சட்டத்துக்குப் பயந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வரும் மாமா, அதே சட்டத்தை மீறி, கேரியரில் துலுக்காணத்தை ஏற்றிக்கொண்டு மிதித்தார். டிசம்பர் இரண்டிலிருந்து துலுக்காணம் ஒருநாள்கூடத் தாமதமில்லை.

“என் சோறு உன் வாட்சுலதான் சார் கீது” என்பார். “அது நின்னுதுன்னா நானும் காலி.”

“அது நிக்காது” என்பார் மாமா.

இது எனக்கும் காதில் விழுந்ததுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

தண்ணீரில் மாமா வேறு ஆள். சிறுவயதில் அவரும் அம்மாவும் கிணற்றில் குதித்ததையும், அம்மா அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்ததையும் துலுக்காணத்திடம் சொல்வார். என்னிடம் சொன்னதில்லை. கரையில் இருந்த எனக்குப் பாதிதான் கேட்கும். நான் குரல் கொடுத்ததும் மேலே வந்து, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தையும் மாட்டிக்கொள்வார். மாலையில் மறுபடி ஒன்பது வாக்கியம்.

கடிகாரத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நிற்கிறது என்பது நாற்பத்தாறு காலைகளில் நான் கண்டுபிடித்தது. நாற்பத்தேழாவது காலையில் மாமா அம்மாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்திருந்தார். பனியில் அன்று குரல் தெளிவாகக் கேட்டது. கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளைப் பதினைந்து நிமிடம் பின்னால் தள்ளினேன்.

“மணி என்னடா?” என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டார்.

“ஆறு ஐம்பத்தஞ்சு மாமா.” முள் அப்படித்தான் காட்டியது.

“பாத்தியா சார், இன்னிக்கு ஏரிக்கே நம்மள அனுப்ப மனசில்ல” என்றார் துலுக்காணம்.

நீச்சல் தெரியாத வாத்தியாரைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அம்மாவே கயிற்றைப் போட்டு அவரை மேலே இழுத்த கதையை முழுதாகக் கேட்டேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மாமா நான்குமுறை சிரித்தார். நானும் ஒருமுறை.

அவர்கள் புறப்பட்டுக் கரை முடிவதற்குள் முதல் சங்கு ஊதிற்று. சைக்கிள் நின்றது. மாமா ஒரு காலை ஊன்றிக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தார். துலுக்காணம் குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடினார். இருவரும் பனியில் மறைந்தார்கள்.

அன்று மாலை மாமா சொன்னது ஒரு வாக்கியம். “வாட்ச் ஸ்லோவா ஓடுது, நாளைக்கு ரிப்பேருக்குக் குடுக்கணும்.” சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நடந்தது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. விடியற்காலையில் வாசலில் துலுக்காணத்தின் குரல் கேட்டது.

“சார்! இன்னா சார், கோவமா? வாட்சு பண்ண தப்புக்கு நீ இன்னா பண்ணுவே? கேட்டு வாச்மேன் வாணாம் வாணாம்னான், நீ என் பேரை எய்தினே, வேல போச்சு. அதுக்குக் கீயவே உன் பேரையும் எய்தினியே, அத்த எவன் செய்வான்? நானா இருந்தாலும் அத்தான் பண்ணிருப்பேன். இல்ல சார், பொய் சொல்லக்கூடாது. நான் ரெண்டு பேரையும் எய்திருக்க மாட்டேன்.”

மாமா கதவுக்கு இந்தப்பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். “இல்லேன்னு சொல்லு” என்றார் மெதுவாக.

நான் வெளியே போய், “மாமா இல்ல” என்றேன். வாசலில் மாமாவின் சைக்கிள் நின்றது. அதன் பக்கத்தில் அவருடைய செருப்பு. துலுக்காணம் இரண்டையும் பார்த்தார், பிறகு என் தலையில் கைவைத்தார்.

“சரி நைனா. இல்லாத மாமா கைல சொல்லு, ஏரி அங்கியேதான் கீதுன்னு.”

இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார். பிப்ரவரி இரண்டு, ஒன்பது. கதவு திறக்கவில்லை. பிறகு நசரத்பேட்டையில் ஏதோ லாரி ஷெட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி. மாமா அதன்பின் ஏரியில் இறங்கவில்லை.

துலுக்காணத்தோடு சேர்ந்ததால்தான் தன் பெயர் கெட்டது என்று மாமாவுக்குக் கோபம் என நான் நினைத்தேன். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை என்றும் நினைத்தேன். ஏனென்றால் கடிகாரம் கடையிலிருந்து வந்த அன்று முதல், இரவில் அதற்குச் சாவி கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே கொடுப்பேன், இருபத்திரண்டு சுற்று. நிம்மதியாகத் தூங்கினேன்.

மாமா 1991-ல் இறந்தார். அவருடைய பிஸ்கட் டின்னில் பதினேழு காகிதங்கள் இருந்தன. அதில் ஒன்று கடிகாரக் கடை ரசீது. தேதி 1969 ஜனவரி 23, துலுக்காணம் முதல்முறை வாசலுக்கு வந்ததற்கு மூன்று நாள் முன்பு. ‘பழுது ஒன்றும் இல்லை. துடைத்துக் கொடுத்தது’ என்று எழுதியிருந்தது.

கதவைத் திறந்திருந்தால் துலுக்காணம் மறுபடி வாட்ச் செய்த தப்பு என்றிருப்பார். மாமா ஆமாம் என்று பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அல்லது என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எனக்கு இப்போது அறுபத்தாறு. ரசீது என்னிடம்தான் இருக்கிறது. தனக்குத்தானே கழித்துக்கொண்ட அரைநாள் சம்பளம் நான்கு ரூபாய் பத்து பைசா. பழுதில்லாத கடிகாரத்தைத் துடைத்ததற்கு இரண்டு ரூபாய் எழுபத்தைந்து. ஆக மாமாவுக்கு ஆன செலவு ஆறு ரூபாய் எண்பத்தைந்து பைசா.